ஒரு கையெழுத்தும் 350 பவுண்டும்



மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "டீச்சர், இங்கிலாந்து போட்டோ போடுங்க" என்று நிறைய பேர் கேட்டீர்கள். அதெல்லாம் பேரன் போனில் இருக்கிறது, அவன் அனுப்பும்போது போடுகிறேன். இன்றைக்கு மகள் வீட்டு வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி. பதிவு கொஞ்சம் நீளம். வேலையை முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

மகள் லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்ற ஊரில் இருக்கிறாள். நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போக 25 மைல், வர 25 மைல். வாரத்துக்கு நான்கு நாள் டியூட்டி. வேலை செய்யும் இடத்திலேயே சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் திட்டத்தில் ஒரு மின்சாரக் காரைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். வீடு வாடகை வீடு. வாசலில் ஒரு கார் நிற்க இடம் உண்டு.

2024 செப்டம்பரில் நான் போய் இறங்கிய அன்றே ஒன்றைக் கவனித்தேன். சமையலறை ஜன்னல் முழுதாகச் சாத்தாமல் இருந்தது. அதன் இடுக்கு வழியாக ஒரு ஒயர் வெளியே போய்க் காரில் சொருகியிருந்தது. உள்ளே சாதாரண மூன்று முள் ப்ளக். ஒயர் எட்டாததால் நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் சுருள் வேறு. "என்னடி இது, கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி?" என்றேன். "எல்லாம் அப்படித்தாம்மா, கண்டுக்காத" என்றாள்.

அக்டோபர் நடுவில் ஒரு ராத்திரி, மணி மூன்று இருக்கும். தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். சமையலறையில் ஒரு வாசனை. பிளாஸ்டிக் தீய்கிற வாசனை. விளக்கைப் போட்டால் ப்ளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம். சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மாடியில் பேரன் தூங்குகிறான். நான் தண்ணீருக்கு எழுந்திருக்காவிட்டால் என்று நினைத்து நினைத்து விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு விளக்கினார். அந்த ஊர் வீட்டு ப்ளக் 13 ஆம்ப். கார் ஒயர் அதில் 10 ஆம்ப் வரை இழுக்கும். கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ ஐந்து பத்து நிமிடம் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் விடிய விடிய, பத்து மணி நேரம் இழுக்கும். போதாததற்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருட்டியபடியே இருந்தது. சுருட்டிய ஒயரில் சூடு வெளியேற வழியில்லை. நம் ஊரிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கிரைண்டரையும் ஹீட்டரையும் சேர்த்து மாட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றோடு அந்த ஒயரைச் சுருட்டி வைத்தாயிற்று. அதற்குப் பிறகு மகள் டியூட்டி முடிந்து வரும் வழியில், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் வேக சார்ஜரில் நிற்க ஆரம்பித்தாள். இரவு முழுக்க நின்று வேலை பார்த்தவள், குளிரில் காருக்குள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அங்கே யூனிட்டுக்கு 80 பென்ஸ் வரை ஆனது. வீட்டு மின்சாரத்துக்கு வரி 5 சதவீதம், வெளியே சார்ஜ் ஏற்றினால் 20 சதவீதம். வாசலில் இடம் இல்லாதவர்கள் தலையில்தான் கூடுதல் வரியும் விழுகிறது.

"முறையா ஒரு சார்ஜர் மாட்டக் கூடாதா?" என்று கேட்டேன். மாப்பிள்ளைதான் சொன்னார், "அரசாங்க மானியமே இருக்கு அத்தை."

அந்த மானியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014-இல் வீட்டில் சார்ஜர் மாட்டுகிறவர்களுக்குச் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 900 பவுண்டு என்று கொடுத்தார்கள். பிறகு 700 ஆயிற்று, 500 ஆயிற்று, 2020 ஏப்ரலில் 350 ஆயிற்று. சொந்தத் தனி வீட்டுக்காரர்களுக்கு 2022 மார்ச் 31-ஓடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் மட்டும். 2024-இல் அது 75 சதவீதம் அல்லது 350 பவுண்டு, எது குறைவோ அதுவாக இருந்தது. பில் 400 என்றால் மானியம் 300. பில் 980 என்றால் கணக்குப்படி 735 வரும், ஆனால் 350-தான் கிடைத்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 38,000 ரூபாய்.

சொந்த வீடு இருப்பவன் எப்படியும் மாட்டிக்கொள்வான், கஷ்டப்படுகிற வாடகைக்காரனுக்குக் கொடுப்போம் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் அந்த விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அங்கேதான் என் மகள் நின்றுபோனாள்.

"கேட்டா வாடகையை ஏத்துவாரும்மா. இல்லைன்னா காலி பண்ணச் சொல்லிடுவாரு. ஒப்பந்தம் ஜனவரியோட முடியுது."

இது வெறும் பயம் இல்லை. அங்கே அப்போது இருந்த சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்ல முடிந்தது. அதை நீக்க ஒரு மசோதா அப்போது நாடாளுமன்றத்தில் இருந்தது. ஆனால் மசோதாவை நம்பி ஒரு குடும்பம் குடியிருக்க முடியாது. பேரன் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். வீடு மாறினால் அவன் பள்ளியும் மாறும். அதனால் ஒரு வருடமாக ஜன்னல் வழியாக ஒயர் விட்டு, வீட்டுக்காரர் பக்கம் வந்தால் அதைச் சுருட்டி ஒளித்துவைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்தவர்களில் யாருக்கும் இது தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆன சமயம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம், அவள் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவளுக்கு அரசு ஊக்கத்தொகை வர வேண்டும். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து இல்லை. அவர் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விட்டார். அம்மா வந்து, "நான் கைநாட்டு வைக்கிறேன் டீச்சர்" என்றார். "அப்பா கையெழுத்துதான் வேணும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கடைசித் தேதி வந்தது, பட்டியலை அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் வேறு ஒரு பிள்ளைக்காக அலுவலகத்தில் விசாரித்தபோது அந்த எழுத்தர் சாதாரணமாகச் சொன்னார், "அம்மா கைநாட்டு போதுமே டீச்சர்." நான் கேட்டிருந்தால் முதல் வருடமே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போகவில்லை, நின்றுவிட்டாள். அந்தப் பணம் கிடைக்காததால்தான் நின்றாள் என்று சொல்ல முடியாது. கிடைத்திருந்தால் நின்றிருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாது. எனக்கு இரண்டும் தெரியாமலே போய்விட்டது.

அதனால் மகளிடம் சொன்னேன், "அவர் முடியாதுன்னு சொல்லட்டும். ஆனா நீ கேக்காமயே அவர் முடியாதுன்னு சொல்லிட்டதா நினைச்சுக்காதே."

உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன், இங்கிலீஷில். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்ததைப் பார்த்து மகள் சிரித்தாள். "இந்தக் காலத்துல யாரும்மா இப்படி எழுதுறா?" என்றாள். ஆனால் விஷயத்தை மாற்றவில்லை. வரிசையாக ஐந்து எழுதியிருந்தேன். ஒன்று, முழுச் செலவும் எங்களுடையது, மானியம் போக மீதியை நாங்களே கட்டுவோம். இரண்டு, அரசு அங்கீகாரம் பெற்றவர்தான் மாட்டுவார், வேலை முடிந்ததும் மின் பாதுகாப்புச் சான்றிதழின் நகல் உங்களுக்கு வரும். மூன்று, வீட்டு மெயின் ஃபியூஸ் தாங்குமா என்று பார்த்த பிறகே வேலை தொடங்கும். நான்கு, குடியிருக்கும்வரை பழுது வந்தால் எங்கள் பொறுப்பு. ஐந்து, நாங்கள் காலி செய்தாலும் பெட்டி வீட்டோடு இருக்கும்.

ஐந்தாவதுக்கு மாப்பிள்ளை யோசித்தார். "630 பவுண்டு போட்டு அடுத்தவர் சுவத்துல விட்டுட்டுப் போறதா அத்தை?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 800 மைல் ஓடுகிறது. யூனிட்டுக்கு மூன்றரை மைல் என்றால் சுமார் 230 யூனிட். சூப்பர் மார்க்கெட் சார்ஜரில் 80 பென்ஸ் வீதம் 184 பவுண்டு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு நள்ளிரவில் ஐந்து மணி நேரம் மட்டும் குறைந்த கட்டணம் தந்தார்கள், யூனிட்டுக்கு 8 பென்ஸ் போல. அதில் 18 பவுண்டுதான். மாதம் 165 பவுண்டு மிச்சம், நான்கு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். "அந்தக் குறைந்த கட்டணத்தைப் பழைய ப்ளக்கிலேயே வாங்கலாமே?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. மூன்று முள் ப்ளக் மணிக்கு 2.3 யூனிட்தான் ஏற்றும். ஐந்து மணி நேரத்தில் பதினொன்றரை யூனிட், நாற்பது மைல். ஒரு நாள் போய்வரக்கூடக் காணாது. சுவர்ப்பெட்டி மணிக்கு 7 யூனிட் ஏற்றும். ஐந்து மணி நேரத்தில் 35 யூனிட். வாரத்துக்கு இரண்டு இரவு போதும்.

நவம்பர் முதல் வாரம் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனோம். பஞ்சாப் பக்கத்துப் பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் என் பாடப்புத்தக இங்கிலீஷ். அவர் மனைவி டீ கொடுத்தார். கடிதத்தைக் கொடுக்கும் முன்னால் நான் பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தேன். உள்ளே அந்தக் கருகிய ப்ளக். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதை எடுத்து வந்தது அவளுக்குத் தெரியாது.

பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சத்தமாகக் கேட்டார், "ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை? என் வீடு எரிஞ்சிருந்தா? உங்க பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டு, "காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயமா இருந்தது" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் கதையைச் சொன்னார். முன்பு குடியிருந்த ஒருவர் கேட்காமலே ஒயரிங்கை மாற்றி, அதைச் சரிசெய்ய இவர் பெரும்பணம் செலவழித்திருக்கிறார். அதிலிருந்து குடியிருப்பவர்கள் மின்சாரம் என்று வாயெடுத்தாலே இவருக்குப் பயம். இவர்களுக்கு அவரிடம் பயம், அவருக்கு இவர்களிடம் பயம். வீட்டுக்காரர்களும் இதே மானியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். "எனக்குக் கம்ப்யூட்டர் வராது பெஹன்ஜி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை.

அந்தப் பதினோரு நாளை நான் மறக்க மாட்டேன். ஒரு ராத்திரி மகள் வெடித்துவிட்டாள். "நீ ஆறு மாசத்துல ஊருக்குப் போயிடுவே. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் தெருத்தெருவா அலையப் போறது நான்தானே? அந்த ப்ளக்கை எதுக்கும்மா எடுத்துட்டு வந்தே?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கையெழுத்துக் கேட்கத் துணிச்சல் வேண்டும் என்று நான் சொல்லிவிடலாம், அதன் விலையைக் கொடுக்கப் போவது அவள். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மின்னஞ்சல் வந்தது. சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை, முன்பக்கச் செங்கல் சுவரில் ஒயர் தெரியக் கூடாது, பக்கவாட்டுச் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

அன்றே விண்ணப்பித்தோம். கார் குத்தகைச் சான்று, வாடகை ஒப்பந்தம், கார் நிற்கும் இடத்தின் படம், வீட்டுக்காரர் சம்மதம் எல்லாம் சேர்த்தோம். முக்கியமான ஒன்று: ஒப்புதல் வரும் முன்னால் வேலையைத் தொடங்கக் கூடாது. முதலில் மாட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது. பணமும் நம் கைக்கு வராது. மாட்டுகிறவர் பில்லில் கழித்துக்கொண்டு அரசிடம் வாங்கிக்கொள்வார்.

டிசம்பர் நடுவில் எலக்ட்ரீஷியன் வந்தார். மெயின் ஃபியூஸின் படத்தை முன்பே வாங்கிப் பார்த்திருந்தார், 80 ஆம்ப், தாங்கும் என்றார். மீட்டர் பக்கத்திலிருந்து தனி லைன் இழுத்து, பாதுகாப்பு சுவிட்ச் வைத்து, அரை நாளில் முடித்தார். பில் 980, கழிவு 350, நாங்கள் கட்டியது 630. சான்றிதழின் நகலை நானே பெரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 2022-இல் வந்த விதிப்படி, வேலை நாட்களில் காலை 8 முதல் 11, மாலை 4 முதல் 10 வரை சார்ஜ் ஏற்றாதபடிதான் புதுப் பெட்டிகள் அமைக்கப்பட்டு வரும். எல்லா வீட்டிலும் அடுப்பும் ஹீட்டரும் ஓடும் நேரம் அது. அவசரம் என்றால் நாம் மாற்றிக்கொள்ளலாம். சார்ஜ் தொடங்கும்போதும் சில நிமிடம் முன்பின்னாகத் தொடங்கும், ஊரில் உள்ள கார் எல்லாம் ஒரே நொடியில் இழுக்கக் கூடாது என்பதற்காக. சத்துணவு மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடாமல் வகுப்பு வகுப்பாக உங்களை விட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். வாடகை 25 பவுண்டு கூடியது. பெட்டிக்காகக் கூட்டினாரா, எப்படியும் கூட்டியிருப்பாரா, தெரியாது. மகள் பயந்ததில் பாதி நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது நைட் டியூட்டி முடிந்தால் அவள் நேராக வீட்டுக்கு வருகிறாள். பேரன் பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மா முகத்தைப் பார்க்கிறான். சமையலறை ஜன்னலும் முழுதாகச் சாத்துகிறது. நான் கிளம்பும் அன்று மகள் அந்தக் கருகிய ப்ளக்கைக் காட்டி, "இதைத் தூக்கிப் போட மாட்டேம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எல்லாருக்கும் இந்த வழி கிடைக்காது. மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடுகள் நேராக நடைபாதையில் திறக்கின்றன. கார் தெருவில்தான் நிற்கும். நடைபாதையில் சின்னக் கால்வாய் வெட்டி அதற்குள் ஒயரைக் கொண்டுபோக இப்போது அதற்கும் ஒரு மானியம் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு நகராட்சி சம்மதம் வேண்டும். அங்கேயும் ஒரு கையெழுத்து.

நம் நாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். டெல்லியில் 2020 கொள்கைப்படி முதல் 30,000 சார்ஜிங் பாயிண்டுகளுக்கு 6,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் 2022 வழிகாட்டுதல் சொன்னது. ஆனால் அடுக்குமாடியில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் சொல்வது வேறு. பார்க்கிங்கில் ஒரு பாயிண்ட் இழுக்கக் குடியிருப்போர் சங்கத்தில் தடையில்லாக் கடிதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறதாம்.

உங்களில் வாடகைக்கு இருப்பவர்களும் இருக்கிறீர்கள், வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள், சங்கச் செயலாளர்களும் இருக்கிறீர்கள். வாடகைக்கு இருப்பவர்களே, ஒயரை ஒளித்துவைக்காதீர்கள். செலவு யாருடையது, பொறுப்பு யாருடையது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வேலையைத் தொடங்கும் முன் விதியை முழுதாகப் படியுங்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களே, உங்களைத் தேடி ஒருவர் தாளோடு வந்தால், முடியாது என்று சொல்லும் முன்பு ஒரு நிமிடம் விசாரித்துவிடுங்கள். அம்மா கைநாட்டே போதுமாக இருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடி மாட்டியிருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகு லைக் போட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்